முனியாண்டிக்கு இருபத்தொரு தேங்காய்

3 டிசம்பர் 2024, செவ்வாய். கிள்ளான், ஹாஸ்டல்

இன்று ஊடக வகுப்பில் என் முதல் வீடியோவைப் போட்டார்கள். இருபது விநாடி ஓடியிருக்கும். மேடம் விஷாலினி நிறுத்திவிட்டார்.

“ரூபினி, இது செய்தியா, இல்ல பரிசளிப்பு விழாவா?”

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது. காது மட்டும் சுட்டது.

காட்சி நல்ல காட்சிதான். கோலா சிலாங்கூர் மலைமேல் ஒரு குரங்கு, சுற்றிப் பார்க்க வந்தவரின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறித் தன் தலையிலேயே வைத்துப் பார்க்கிறது. யாருக்குக் கிடைக்கும் இப்படி! அதன் முன்னால் நான் நின்றுகொண்டு, “அன்பார்ந்த நேயர்களே! வரலாற்றுப் புகழ்மிக்க இம்மண்ணிலேஏஏ...” மண்ணிலே என்று நீட்டும்போது என் வலது கை தானாக மேலே போகிறது. குரங்கே திரும்பிப் பார்க்கிறது.

ஒன்பது வயதில் பிடித்த நோய் இது. பேச்சுப் போட்டி. ‘அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளரே’ என்று ஆரம்பித்தால் தூக்கத்திலும் ஐந்து நிமிடம் பேசுவேன். மாவட்ட அளவில் இரண்டு முறை முதல் பரிசு. வீட்டு அலமாரியில் கிண்ணங்கள் வரிசையாக நிற்கின்றன. அப்பா லோரி டிரைவர்; லோரி துடைக்கிற துணியை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோக மாட்டார். அதற்கென்று தனித் துணி.

வகுப்பு முடிந்ததும் மேடம் கூப்பிட்டார். இந்த செமஸ்டர் முடிவில் எங்கள் பன்னிரண்டு பேரையும் இரண்டாகப் பிரிப்பார்கள். ஐந்து பேர் களச் செய்திக்கு, கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர்கள். மற்றவர்கள் நிகழ்ச்சி நிர்வாகத்துக்கு: மேடை, பூச்செண்டு, ‘அடுத்து குத்துவிளக்கு ஏற்ற அன்புடன் அழைக்கிறோம்’. “உனக்கு மேடை நல்லா வரும்மா, அதுல ஒன்னும் தப்பில்ல” என்றார்.

தப்பில்லைதான். ஆனால் எனக்கு வேண்டாம். அந்தக் குரங்கு தொப்பியைக் குறி வைத்ததை அங்கே இருந்த எல்லோருக்கும் முன்னால் பார்த்தது நான். அந்த வேலைதான் எனக்கு வேண்டும்.

இன்னும் ஒரு வீடியோ இருக்கிறது. மூன்று நிமிடம், சொந்த ஊரிலிருந்து ஒரு செய்தி. ஜனவரி 24 கடைசி நாள். அதை வைத்துத்தான் பிரிப்பார்களாம்.

5 டிசம்பர், வியாழன்

குளியலறையில் சாதாரணமாகப் பேசிப் பழகினேன். பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, யாரோடு சண்டை என்று கேட்டாள்.

14 டிசம்பர், சனி. புக்கிட் லாலாங் தோட்டம், வீடு

பஸ்ஸில் வரும்போது நிறைய நம்பிக்கை. இறங்கியதும் பாதி போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் என்ன செய்தி இருக்கிறது? கோழி திருட்டுப் போனால் அதுதான் தலைப்புச் செய்தி.

சரி, மளிகைக்கடை வேலம்மா ஆன்ட்டியிடம் ஆரம்பிப்போம் என்று போனேன். போனைத் தூக்கியதும் ஆன்ட்டி முந்தானையைச் சரி செய்து, விறைப்பாக நின்று, “எனது பெயர் வேலம்மா. நான் இக்கடையை முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நன்றி, வணக்கம்” என்றார்.

அவ்வளவுதான். போனை இறக்கிவிட்டேன். உடனே ஆன்ட்டி, “ஏ புள்ள, ஒனக்குத் தெரியுமா, போன மாசம் மாவு மூட்டைக்குப் பின்னால மலைப்பாம்பு படுத்திருந்துச்சு! போம்பாக்காரங்க தீயணைப்பு வண்டியோட வந்து புடிச்சாங்க. வயிறு இப்படி உப்பிக் கெடக்கு. என்னான்னு பாத்தா, என் சேவலு!”

“ஆன்ட்டி, அதைக் கேமராவுல சொல்லுங்க!”

“ச்சீ. அதெல்லாம் போயி டிவியில சொல்லுவாங்களா?”

ஆக, இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை. தோட்டத்துக்கே இருக்கிறது. மைக்கைக் கண்டால் எல்லோருக்கும் தமிழ்ப்பள்ளி மேடை ஞாபகம் வந்துவிடுகிறது.

28 டிசம்பர், சனி. வீடு

செய்தி கிடைத்துவிட்டது!!

மாலையில் அம்மாவைக் காணோம். ஷிப்ட் முடிந்து, அவர் வேலை செய்கிற கிளவுஸ் பெக்டரியின் பஸ் எப்போதோ வந்துவிட்டது. அப்பாவையும் காணோம், லோரியையும் காணோம். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் ஒரே பெண்கள் சத்தம். போய்ப் பார்க்கிறேன், அப்பாவின் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி எஞ்சின் ஓடாமல் மெதுவாக நகர்கிறது. முன்னால் தடிக் கயிறு கட்டி எட்டுப் பெண்கள் இழுக்கிறார்கள். அப்பா ஸ்டீரிங்கில் உட்கார்ந்து ஒரு கையால் வடை தின்கிறார். பிரேக் பிடிக்கவாம்.

எட்டாவது ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அப்பாவின் பழைய டீசட்டையும் காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துப் பின்னால் சாய்ந்து நிற்பது – எங்க அம்மா!

என்னைப் பார்த்ததும் அம்மா கயிற்றை விட்டுவிட்டார். லோரி ஒரு முழம் பின்னால் போனது. அப்பாவின் வடை கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். வரும் 19ஆம் தேதி எங்கள் திடலில் பொங்கல் விளையாட்டுப் போட்டி. பெண்கள் கயிறு இழுப்பில் மூன்று வருடமாகச் சுங்கை கெலி தோட்டத்துக்காரர்கள்தான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்த வருடம் விடக்கூடாது என்று மோகனா அக்கா ஆள் சேர்த்திருக்கிறார். மோகனா அக்காவும் அம்மாவும் ஒரே ஷிப்ட். தீபாவளி முடிந்ததிலிருந்து பயிற்சி நடக்கிறதாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை!

“விமலாக்காதான் எங்க கடைசி ஆளு. அது நின்னா நின்னதுதான், யாரும் நகத்த முடியாது” என்றார் மோகனா அக்கா.

“அது எனக்குக் கல்யாணம் ஆன அன்னிலேர்ந்து தெரியும்” என்றார் அப்பா.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவைக் கேட்டேன், ஏன் எங்கிட்ட சொல்லல?

“நீ வந்து ‘அன்பார்ந்த நேயர்களே’ன்னு ஆரம்பிச்சிருவே. எனக்கு வெக்கமா இருக்கும்லா.”

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். கொஞ்சம் குத்தியது. ஆனால் செய்தி கிடைத்துவிட்டது, அது போதும்.

4 ஜனவரி 2025, சனி. வீடு

பேட்டி எடுத்த லட்சணம்:

மோகனா அக்கா: “எங்கள் அணியின் நோக்கம் ஒற்றுமை. ஒற்றுமையே பலம்.” அதோடு சரி. அரைமணி நேரத்துக்கு முன்னால் இதே அக்கா, “அந்தச் சுங்கை கெலிக்காரிகள மண்ணைக் கவ்வ வைக்கல, என் பேரு மோகனா இல்ல” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அம்மா: பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பவுடர், பொட்டு, கனகாம்பரம். கயிறு இழுப்பதைப் பற்றிப் பேசப் பட்டுப்புடவை! “அனைவருக்கும் என் பணிவான வணக்கம்” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பயத்தில். பாவமாக இருந்தது. போனை வைத்துவிட்டு நான் போய்க் கட்டிக்கொண்டேன்.

மூன்று நிமிட வீடியோவில் இதுவரை தேறியது லோரி நகர்கிற பதினைந்து விநாடி.

11 ஜனவரி, சனி. வீடு

அகிலன் தன் மைக்கைக் கடன் கொடுத்திருக்கிறான். என் வகுப்புதான், ரவாங் பையன். நகத்தளவு மைக், சட்டையில் கிளிப் போட்டுவிட்டால் கம்பி இல்லாமலேயே போனுக்குச் சத்தம் வந்துவிடும். “தொலைச்ச, செத்த லா” என்று சொல்லித்தான் கொடுத்தான்.

என் திட்டம்: போட்டி அன்று மைக்கை அம்மா சட்டையில் மாட்டிவிடுவேன். இழுக்கும்போது மூச்சு, முனகல், திட்டு, எல்லாம் உண்மையாக வரும். கையில் கயிறு இருக்கும்போது யார் பணிவான வணக்கம் சொல்லப் போகிறார்கள்? அதன் மேல் என் குரலில் வர்ணனை. இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். முதல் வரி: ‘வீரம் விளைந்த தோட்டத்து மங்கையரின் ஈடு இணையற்ற...’

அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் மங்கையர் வந்துவிட்டார்கள்.

14 ஜனவரி, செவ்வாய். ஹாஸ்டல்

பொங்கல். அம்மா வீடியோ காலில் பானை பொங்குவதைக் காட்டினார். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்ததால் பால் மேலிருந்து கீழே பொங்கியது. இந்த வருஷம் எல்லாமே இப்படித்தான் நடக்கும் போல.

19 ஜனவரி, ஞாயிறு. வீடு

தோற்றுவிட்டோம். ஆனால் என்ன ஒரு தோல்வி!

உடம்பெல்லாம் சேறு. சேற்றில் இறங்காத எனக்கே இப்படி. காலையில் மழை பெய்து திடல் சொதசொதவென்று கிடந்தது. மதியம் வெயில் வந்தது. சுங்கை கெலிக்காரர்கள் பள்ளிக்கூட பஸ்ஸில் உறுமி மேளத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தலைவி கண்மணி அக்கா கையை நான் பார்த்தேன். அம்மாடி.

போட்டிக்கு முன்னால் அம்மா சட்டையில் மைக்கை மாட்டினேன். நல்ல காட்சிக்கு இடம் தேடி ஓடினேன், திரும்பி வந்தேன், அம்மா ஏதோ சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது... எவ்வளவு நேரம் என்று தெரியாது, கயிறு இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. அம்மா நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். அப்புறம் ஒரு சத்தம். அம்மாவின் இடது கால் சப்பாத்து அடிப்பாகம் வாயைப் பிளந்து சேற்றிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அம்மா உட்கார்ந்த வாக்கில் சர்ரென்று கோடுவரைக்கும் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அம்மாவுக்கு அழுகை வரவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்மணி அக்கா தூக்கிவிட வந்து, அவரும் வழுக்கி மேலே விழுந்து, இரண்டு பேரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நாற்பத்தாறு வயதில் எங்கம்மா அப்படிச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வாயை மூடிக்கொள்ளாமல், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல்.

எல்லாம் என் போனில் இருக்கிறது. அம்மாவின் மூச்சோடு. நாளைக்குத்தான் கேட்க வேண்டும், இப்போது கண் சொருகுகிறது.

20 ஜனவரி, திங்கள். ஹாஸ்டல்

போச்சு. எல்லாம் போச்சு.

மைக் அம்மாகிட்ட இல்ல. எங்கிட்டதான் இருந்திருக்கு. முழுப் போட்டியும்!

அம்மாவுக்குப் போன் அடிச்சேன். “நாந்தான் அப்பவே கழட்டி ஒன் தோள்ல மாட்டிட்டேனே. கயிறு அங்கதானே போவும், சிக்கிக்கும்லா. சொன்னேனே, நீ மண்டைய ஆட்டினியே.”

ஆட்டினேன். எதுக்குன்னு தெரியாம ஆட்டினேன். அந்த மைக்கை மாட்டினா போனோட சொந்த மைக் வேலை செய்யாது. அதனால அம்மா மூச்சு இல்ல, மோகனா அக்கா திட்டு இல்ல, உறுமி எங்கேயோ தூரத்துல கேக்குது. அப்போ என்னதான் இருக்கு? நான். நான் முறுக்குத் தின்ற சத்தம். நடுவரைத் திட்டின சத்தம். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் நான் மூச்சு விடாம எனக்குள்ளேயே பேசிக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கே தெரியாது. சாமி, வேண்டுதல் வேற வச்சிருக்கேன் சத்தமா!

மறுபடி எடுக்க முடியுமா? அடுத்த பொங்கலுக்குத்தான். வெள்ளிக்கிழமை கொடுக்கணும். குத்துவிளக்கு ஏற்ற அன்புடன் அழைக்கிறோம்...

21 ஜனவரி, செவ்வாய்

கேன்டீனில் அகிலனிடம் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். “எங்க, கொடு” என்று காதில் மாட்டிக் கேட்க ஆரம்பித்தான். வாயில் வைத்த மீகோரெங் மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு.

நான் எழுந்து போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

“லூசா நீ? இதான் லா உன் வீடியோ!”

“இதுவா? முறுக்கு சத்தம் கேக்குதுடா.”

“கேக்கட்டும். நான் அந்தத் திடலுக்கு வந்ததே இல்ல. இப்ப எனக்கு யாரு யாருன்னு எல்லாம் தெரியுது. உங்கம்மா விழுந்தப்ப எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சு. உன் குரங்கு வீடியோவுல எனக்கு என்னா தெரிஞ்சுச்சு சொல்லு?”

அறைக்கு வந்து, வேறு யாரோ பேசுவதாக நினைத்துக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். இரண்டு இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

22 ஜனவரி, புதன்

மங்கையர் இருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டாயிற்று.

மேடத்திடம் ஒரு சந்தேகம் கேட்டேன்: வீடியோவில் நான் ஒருவரின் கையைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறேன், வைக்கலாமா? “அவங்களையே கேளு. முகத்துக்கு நேரா சொல்ல முடியாததை வீடியோவுல வைக்காதே.”

மோகனா அக்காவிடம் நம்பர் வாங்கிக் கண்மணி அக்காவுக்கு அந்தத் துண்டை அனுப்பினேன். குரல் செய்தி வந்தது, பாதி சிரிப்பு: “அதை வெட்டிறாத தங்கச்சி. எங்க வீட்டுக்காரருக்கும் அனுப்பு. அவரும் தெரிஞ்சிக்கட்டும்.”

24 ஜனவரி, வெள்ளி

கொடுத்துவிட்டேன். மூன்று நிமிடம் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி அம்மா சிரிப்பு, வெட்ட மனசு வரவில்லை.

27 ஜனவரி, திங்கள்

இன்று போட்டார்கள். என்னுடையது ஐந்தாவது. முதல் நான்கில் மேடம் எதையும் நிறுத்தவில்லை, எதையும் பாராட்டவும் இல்லை.

விளக்கை அணைத்தார்கள். லோரி நகர்கிறது. அப்பா வடை. அப்புறம் திடல், தலைப்பு இல்லை, பாட்டு இல்லை, என் குரல்:

“ஆ, ரெடி... மோகனா அக்கா என்ன இன்னும் கொண்டைய முடிஞ்சிக்கிட்டு இருக்கு, விசில் ஊதப் போறாங்கலா... அலாமா, அந்தக் கண்மணி அக்கா கையப் பாரு. ஒத்தக் கையில செம்பனைக் கொலையத் தூக்கி லோரியில போடும் போல. முனியாண்டி, ஒரு தேங்கா ஒடைக்கிறேன்... கடைசியா நிக்கிறது எங்கம்மா. பெக்டரியில நின்னுக்கிட்டே வேல. நிக்கிறதுக்கு அதுக்குச் சொல்லித் தரணுமா...”

இரண்டாவது இழுப்பில் பதினொரு தேங்காய். மூன்றாவதில், “இருபத்தொன்னு! முனியாண்டி, இருபத்தொன்னு, நானே ஒடைக்கிறேன், எங்கம்மா கால மட்டும் புடிச்சுக்க!” என்று என் குரல் கிழிகிறது. வகுப்பு மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. சப்பாத்து வாயைப் பிளக்கிறது. அம்மா சர்ரென்று போகிறார்.

அப்புறம் என் குரல், மெதுவாக: “சிரிக்குது... எங்கம்மா சிரிக்குது. விழுந்துட்டுச் சிரிக்குது. நான் இப்படிப் பாத்ததே இல்ல.”

அத்துடன் முடிகிறது. விளக்கைப் போட்டார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். “யாரு இந்தப் பொண்ணு? இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தே?”

மைக் அம்மாவிடம் இருந்திருக்க வேண்டியது, தவறுதலாக நடந்தது என்று உண்மையைச் சொன்னேன். “தவறுதலா நடந்ததுன்னா, அதை வெட்டாம வச்சது யாரு?” என்றார். அகிலன் பின்னாலிருந்து என் நாற்காலியை உதைத்தான். பட்டியல் விடுமுறைக்குப் பிறகுதான்.

சந்தோஷமா இருக்கு. பட்டியல்ல பேரு இல்லன்னாலும்... இல்ல, பொய் சொல்லக்கூடாது. பேரு இருக்கணும்.

30 ஜனவரி, வியாழன். வீடு

சீனப் புத்தாண்டு விடுமுறை. நான் வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ வந்துவிட்டது. தோட்டத்து வாட்சாப் குழுவில் மோகனா அக்கா போட்டு, சுங்கை கெலிக்குப் போய், ரவாங்கில் இருக்கிற சித்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது. வேலம்மா ஆன்ட்டி கடையில் என்னைக் கண்டதும் முதல் கேள்வி: “பாம்புக் கதைய எப்ப எடுக்குற?”

அப்பாவுக்குக் கிண்ணங்கள்தான் பிடிக்கும், இந்தக் கத்தல் பிடிக்காமல் போயிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் போன் அடித்தது. “மோகனா அக்கா என்ன இன்னும் கொண்டைய முடிஞ்சிக்கிட்டு இருக்கு” என்று என் குரலில் அடிக்கிறது! லோரி டிரைவர்கள் எல்லாம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

7 பிப்ரவரி, வெள்ளி. கிள்ளான்

பேர் இருக்கிறது. ஐந்தில் நாலாவது.

மூன்று முறை படித்தேன். விரலை வைத்துப் படித்தேன். அகிலன் பேர் அதற்கு மேலே, அவன் ஒரு பெரிய மனுஷன் மாதிரி என் தலையில் தட்டினான். முதல் களப்பணி செவ்வாய்க்கிழமை, தைப்பூசம், பத்துமலை. நேரலை! கூட்டத்தில் நின்றுகொண்டு நான் பேச வேண்டும்.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். அழுவார் என்று நினைத்தேன். “சரி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துரு. அப்பா சுங்கை பெசார் பக்கம் லோட் எறக்கப் போறாரு, வரும்போது தேங்கா எடுத்துட்டு வந்துருவாரு” என்றார்.

எதுக்குத் தேங்கா?

“எதுக்கா? ஊரே கேட்டுச்சே புள்ள, இருபத்தொன்னுன்னு.”

9 பிப்ரவரி, ஞாயிறு. வீடு

கை வலிக்கிறது. எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான்.

கோயில் முன்னால் பாதித் தோட்டமும் நின்றது. நான் கடைசி வரை வாதாடிப் பார்த்தேன். “நாமதான் தோத்துட்டோமே! தோத்ததுக்கு யாராச்சும் தேங்கா ஒடைப்பாங்களா?”

“நீ கேட்டது ஒன்னு, சாமி குடுத்தது ஒன்னு. குடுத்தாருல்ல?” என்றார் மோகனா அக்கா.

“அம்மா காலப் புடிச்சுக்கன்னு கேட்டேன். புடிக்கலியே அக்கா.”

அம்மா முன்னால் வந்தார். “நான் விழாம நின்னுருந்தா ஒனக்கு ஏது அந்த வீடியோ? ஒடை.”

உடைத்தேன். முதல் மூன்றும் சிதறின. நாலாவது என் கால் விரலில் விழப் பார்த்தது. வேலம்மா ஆன்ட்டி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அனைவருக்கும் வணக்கம், நமது தோட்டத்துச் செல்வி ரூபினி அவர்கள்...” என்று ஆரம்பித்தார். அடுத்த தேங்காயை எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது: “ஏ புள்ள, அது அழுகலு! குலுக்கிப் பாரு! வேற எடு, வேற எடு!” அந்த வீடியோ எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பதினைந்துக்கு மேல் கை ஓங்கவே வரவில்லை. கடைசித் தேங்காய் மூன்று முறை அடித்தும் உருண்டு ஓடியது. எல்லோரும் சிரிக்க, அம்மா அதை எடுத்து என் கையில் வைத்து, பின்னால் வந்து நின்று, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “கைய விடு. மொதல்ல கால ஊனு.” ஊன்றினேன். ஒரே அடி. தேங்காய்த் தண்ணீர் அப்பாவின் சட்டைவரை தெறித்தது.

இன்று அம்மாவிடம் கயிறு இல்லை. அதனால் அகிலனிடம் மறுபடி கடன் வாங்கிய மைக்கை அம்மா சட்டையில்தான் மாட்டியிருந்தேன். எல்லாம் தெளிவாகப் பதிந்திருக்கும்.

10 பிப்ரவரி, திங்கள். கிள்ளான் பஸ்ஸில்

இப்போதுதான் கேட்டேன். கடைசித் தேங்காய் உடைந்ததும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில், மைக்குக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அம்மா:

“முனியாண்டி, நாளன்னிக்குப் புள்ள பத்துமலையில பேசுது. கூட்டத்துல பயந்துறக்கூடாது. அது பாட்டுக்கு வாயில வர்றதப் பேசட்டும், நீ கூட நில்லு. நாப்பத்தொன்னு ஒடைக்கிறேன்.”

பக்கத்து சீட்டு மலாய்க்கார மக்சிக் என்னைப் பார்த்து, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் ஒரு டிசு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இறங்கியதும் அப்பாவுக்குப் போன் அடிக்க வேண்டும், மறுபடி சுங்கை பெசார் லோட் எப்போது என்று கேட்க.